ஊரைக் காக்க ஒரு பட்டியல்!

உங்கள் தெருவிலேயே மிகப் பழைய வீடு எது? சற்று யோசித்துப் பாருங்கள்.

நான் ஆசிரியராக இருந்தபோது ஒருநாள் ஏழாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். பலரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மட்டும் எழுந்தான்.

"சார், எங்க வீடுதான் சார் ரொம்பப் பழசு. எங்க தாத்தாவோட அப்பா கட்டினது. மழை பெஞ்சா நாலு இடத்துல ஒழுகும். அம்மா பாத்திரம் வெச்சுத் தண்ணி பிடிப்பாங்க. இடிச்சிட்டுப் புதுசா கட்டணும்னு அப்பா சொல்றாரு. அது தப்பா சார்?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு நியாயமான கேள்வி! பழைமையைக் காக்க வேண்டும் என்று பாடம் நடத்துவது எளிது. ஒழுகுகிற வீட்டில் படுத்து உறங்குபவனுக்கு என்ன பதில் சொல்வது? அன்று நான் ஏதோ அரைகுறையாகச் சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

இதே கேள்வி ஒரு வீட்டுக்கு அல்ல, ஓர் ஊருக்கே வந்தால் என்ன ஆகும்? அப்படி ஓர் ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் புதுச்சேரி. அங்கே ஊர் மக்கள் சிலர் ஒன்று சேர்ந்து, தங்கள் ஊரின் பழைய தெருக்களைக் காப்பாற்றப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். வென்றும் இருக்கிறார்கள், தோற்றும் இருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஊரின் நடுவே ஒரு வாய்க்கால்

புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டம் போட்ட கணக்கு நோட்டுப் போல இருக்கும். தெருக்கள் எல்லாம் நேர் நேராக ஓடி, ஒன்றையொன்று சதுரமாக வெட்டிக்கொள்ளும். வழி தவறிப் போவதே கடினம்!

1674-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வாணிகம் செய்ய வந்து தங்கினார்கள். இடையில் 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. இந்த நேர்த்தெரு அமைப்புக்குத் திட்டம் வரைந்தவர்கள் அவர்கள்தாம். பிறகு ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தது.

1761-இல் பெரிய துன்பம் நேர்ந்தது. ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்களின் கட்டடங்களையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடியும் கட்டத் தொடங்கினார்கள். எங்கே கட்டினார்கள் தெரியுமா? பழைய தெருக்கள் இருந்த அதே கோடுகளின் மேல்! அதனால்தான் தெருக்களின் அமைப்பு இன்றும் மாறாமல் இருக்கிறது.

ஊரின் நடுவே வடக்கு தெற்காக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பெரிய வாய்க்கால் என்று அதற்குப் பெயர். வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்தார்கள். மேற்கே தமிழர்கள் வாழ்ந்தார்கள். அந்த நாளில் ஒரு பக்கத்தை வெள்ளை நகரம் என்றும், மறு பக்கத்தைக் கறுப்பு நகரம் என்றும் அழைத்தார்கள். மனிதர்களை நிறம் பார்த்துப் பிரித்த காலம் அது. இப்போது பிரெஞ்சுப் பகுதி, தமிழ்ப் பகுதி என்று சொல்கிறோம்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. ஆட்சி போனது, வீடுகளும் தெருக்களும் அப்படியே நின்றன.

வீட்டையும் படிக்கலாம்!

புத்தகத்தைப் படிப்பது போல ஒரு வீட்டையும் படிக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

முதலில் பிரெஞ்சுப் பகுதிக்குப் போவோம். தெருவில் நின்று பார்த்தால் உயரமான மதில்சுவர்தான் தெரியும். பெரிய வாயிற்கதவு இருக்கும். உள்ளே தோட்டம், அதற்கு அப்பால் வீடு. சன்னல்கள் உயரமாக, மேலே வளைவோடு இருக்கும். மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய கதவுகள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். "எங்களைத் தனியாக விடுங்கள்" என்று சொல்வது போல இருக்கும் இந்த வீடுகள்.

வாய்க்காலைத் தாண்டித் தமிழ்ப் பகுதிக்கு வாருங்கள். இங்கே வீடு தெருவோடு பேசும்! வாசலை ஒட்டித் தாழ்வாரம் இருக்கும். மரத்தூண்களின் மேல் சாய்வாக ஓடு வேய்ந்திருப்பார்கள். தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் வெயிலுக்கும் மழைக்கும் அதன் கீழ் ஒதுங்கலாம். அதை அடுத்து இருப்பது திண்ணை. வழிப்போக்கர் உட்காரலாம், பாட்டி கதை சொல்லலாம், பிள்ளைகள் படிக்கலாம். உள்ளே நுழைந்தால் முற்றம். அதன் வழியே வெளிச்சமும் காற்றும் மழையும் வீட்டுக்குள் வரும்.

இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. கீழ்த்தளம் தமிழ் முறையில் தாழ்வாரமும் திண்ணையுமாக இருக்கும். மாடியோ பிரெஞ்சு முறையில் வளைவு சன்னலும் உருண்டைத் தூண்களுமாக இருக்கும். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இப்படிப்பட்டதுதான். 1738-இல் கட்டப்பட்டது என்கிறார்கள். கீழே மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு பாணித் தூண்கள்! 1761-இல் ஊர் அழிந்தபோதும் தப்பிப் பிழைத்த வீடு அது.

இரண்டு நாட்டு மக்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அந்த வீட்டை இடித்துவிட்டால் அந்தப் பாடமும் போய்விடும் அல்லவா?

எண்ணத் தொடங்கினார்கள்

ஊர் வளர்ந்தது. வாகனங்கள் பெருகின. கடைகளும் விடுதிகளும் தேவைப்பட்டன. ஒரு பழைய வீட்டில் நான்கு அண்ணன் தம்பிகள் பங்கு கேட்பார்கள். வீட்டை எப்படி நான்காகப் பிரிப்பது? இடித்து அடுக்குமாடி கட்டினால் ஆளுக்கு ஒரு வீடு கிடைக்கும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய வீடுகள் மறையத் தொடங்கின. யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் கஷ்டம்.

ஆனால் இப்படியே போனால் ஊர் என்ன ஆவது என்று சிலர் கவலைப்பட்டார்கள். 1984-இல் நம் நாட்டின் கலை, பண்பாட்டுச் செல்வங்களைக் காப்பதற்காக 'இன்டாக்' என்ற தேசிய அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதன் புதுச்சேரிக் கிளையில் கட்டடக் கலைஞர்களும் ஊர்ப்பற்று உள்ளவர்களும் சேர்ந்தார்கள். இவர்கள் அரசாங்கம் அல்லர். யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது. "இடிக்காதே" என்று கட்டளையிட முடியாது.

அப்படியானால் என்ன செய்தார்கள்? ஊரில் என்ன இருக்கிறது என்று எண்ணிக் கணக்கெடுத்தார்கள்!

ஒவ்வொரு வீதியாக நடந்தார்கள். ஒவ்வொரு பழைய கட்டடத்தையும் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், குறித்துக்கொண்டார்கள். எவ்வளவு முக்கியமானது என்று தரம் பிரித்தார்கள். 1990-களின் நடுவில் எடுத்த அந்தக் கணக்கில் ஏறத்தாழ 1,800 கட்டடங்கள் இடம்பெற்றன.

பட்டியல் எடுப்பதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். உங்கள் பென்சில் பெட்டியில் எத்தனை பென்சில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே, ஒன்று தொலைந்தால் தெரியும்? ஊருக்கும் அப்படித்தான். கணக்கு இல்லாத காலத்தில் ஒரு வீடு போனால் "ஒரு பழைய வீடு போயிற்று" என்பார்கள், அவ்வளவுதான். பட்டியல் வந்த பிறகு, எந்த வீதியில் எந்த வீடு போயிற்று என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். அரசிடமும் ஆதாரத்தோடு பேசலாம்.

பின்னால் மறுபடியும் கணக்குப் பார்த்தபோது நெஞ்சு பதைத்தது. பட்டியலில் இருந்தவற்றில் பல நூறு கட்டடங்கள் காணவில்லை! பட்டியல் இருந்ததால்தான் இந்த இழப்பே ஊருக்குத் தெரிந்தது.

வைசியாள் வீதியின் கதை

"இடிக்காதீர்கள்" என்று சொன்னால் மட்டும் போதுமா? வீட்டுக்காரருக்கு ஏதாவது உதவி வேண்டாமா? இங்கேதான் அந்தக் குழுவினர் நல்ல வழி ஒன்றைக் கண்டார்கள்.

தமிழ்ப் பகுதியில் வைசியாள் வீதி என்று ஒரு தெரு உண்டு. கல்வே சுப்பராய செட்டி வீதி என்பது அதன் இன்னொரு பெயர். வணிகர்கள் வாழ்ந்த தெரு. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஒரு திட்டம் வந்தது. பிரான்சு நாட்டின் வில்நவ்-சூர்-லோ, இத்தாலி நாட்டின் உர்பினோ ஆகிய இரண்டு ஊர்கள் புதுச்சேரியோடு கைகோத்தன. பழைய ஊர்களைக் காப்பதில் அனுபவம் உள்ள ஊர்கள் அவை.

ஒரு வீட்டை மட்டும் எடுத்துப் பளபளப்பாக்கவில்லை. ஒரு தெருவையே எடுத்துக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? தாழ்வாரம் ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. வரிசையாக எல்லா வீட்டிலும் இருந்தால்தான் தெரு முழுவதும் நிழலில் நடக்கலாம். ஒரு பல் மட்டும் இருந்தால் அது சிரிப்பாகுமா?

பல வீடுகளில் தாழ்வாரம் காணாமல் போயிருந்தது. சில வீடுகளில் முன்பக்கத்தைச் சிமெண்டுப் பெட்டி போல மாற்றியிருந்தார்கள். வீட்டுக்காரர்களோடு பேசினார்கள். முகப்பைப் பழையபடி சீர்செய்ய ஆகும் செலவில் ஒரு பகுதியைத் திட்டம் ஏற்றுக்கொண்டது. தச்சரும் கொத்தனாரும் வந்தார்கள். தூண்கள் எழுந்தன, ஓடுகள் ஏறின, திண்ணைகள் திரும்பின. கடைசியில் தெருவே முகம் கழுவிப் பொட்டு வைத்தது போல் ஆகிவிட்டது!

2008-இல் இந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அரண்மனைக்கோ கோயிலுக்கோ அல்ல, சாதாரண மக்கள் குடியிருக்கும் ஒரு தெருவுக்குக் கிடைத்த விருது!

விருதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. பழைய வீட்டைச் சீர்செய்து வாழவும் முடியும், பிழைக்கவும் முடியும் என்று மக்கள் கண்ணால் கண்டார்கள். இதன் பிறகு புதுச்சேரியில் பல பழைய வீடுகள் இடிபடாமல் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. வெளியூரிலிருந்து வருபவர்கள் கான்கிரீட் கட்டடத்தைப் பார்க்கவா வருகிறார்கள்? இந்தத் தெருக்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதனால் தச்சருக்கும் கொத்தனாருக்கும் சமையல்காரருக்கும் வேலை கிடைக்கிறது.

இதில் ஒரு கவலையும் இருக்கிறது. எல்லா வீடும் விடுதியாகிவிட்டால் திண்ணையில் உட்கார ஊர்க்காரர் யார் மிச்சம் இருப்பார்கள்? ஊர் என்பது சுவர் மட்டும் அல்ல, அதில் வாழும் மனிதர்களும்தான். இதையும் அங்குள்ளவர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கிளிஞ்சல் சுவரான கதை

பழைய வீட்டைச் சீர்செய்ய சிமெண்டு போதாதா? போதாது! அங்கேதான் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது.

பழைய வீடுகளைச் சுண்ணாம்பால் கட்டினார்கள். கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சூளையில் போட்டுச் சுடுவார்கள். அப்போது அதில் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். (யாரும் செய்து பார்க்காதீர்கள், கண்ணிலும் தோலிலும் பட்டால் புண்ணாகிவிடும்!) இதை மணலோடு கலந்து அரைத்துச் சுவர் கட்டுவார்கள், பூசுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்ப்பதும் உண்டு. வழவழப்பான மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக் கருவைக்கூடச் சேர்ப்பார்கள்.

பூசிய பிறகு நடப்பதுதான் வேடிக்கை. சுண்ணாம்பு மெல்ல மெல்லக் காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்ச உறிஞ்ச இறுகுகிறது. கடைசியில் அது என்னவாக ஆகிறது தெரியுமா? கிளிஞ்சல் எந்தப் பொருளால் ஆனதோ, மறுபடியும் அதே பொருளாகிவிடுகிறது!

சுண்ணாம்புச் சுவருக்கு நுண்ணிய துளைகள் உண்டு. மழையில் ஈரம் உள்ளே போனாலும் வெயிலில் வெளியேறிவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று சொல்லலாம். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் மூக்கைப் பொத்தியது போல் ஆகும். ஈரம் வெளியே வர வழியின்றி உள்ளேயே தங்கும். செங்கல் உப்புப் பூத்து உதிரும். நல்லது செய்வதாக நினைத்து வீட்டைக் கெடுத்துவிடுவோம்.

தளம் போடுவதும் தனிக்கலை. மர உத்திரங்களின் மேல் மரச்சரங்களை நெருக்கமாக வைப்பார்கள். அதன் மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல், குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்கள். இதற்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். கம்பி இல்லை, கான்கிரீட் இல்லை. ஆனால் நூறு ஆண்டு தாங்கும். இதன் எதிரி ஒன்றே ஒன்றுதான்: தேங்கி நிற்கும் தண்ணீர். ஈரம் இறங்கி மரம் உளுத்துவிட்டால் தளம் தாங்காது.

மேரி விழுந்தது!

மேரி என்றால் ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்தீர்களா? பிரெஞ்சு மொழியில் நகராட்சிக் கட்டடத்துக்கு அந்தப் பெயர். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்தபடி, தூண்களோடு கம்பீரமாக நின்றது மேரி கட்டடம். 1870-களின் தொடக்கத்திலேயே கட்டி முடித்துவிட்டார்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புயலையும் உப்புக்காற்றையும் தாங்கி நின்றது.

ஆனால் பராமரிப்பு குறைந்துபோனது. கட்டடம் பலவீனமாகிக்கொண்டே வந்தது. சீர்செய்ய வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டே இருந்தது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, 2014 நவம்பர் மாதக் கடைசியில், பெருமழைக்குப் பின் மேரி சரிந்து விழுந்தது!

பட்டியலில் முக்கியமான இடத்தில் இருந்த கட்டடம் அது. எல்லாருக்கும் தெரிந்த கட்டடம். இருந்தும் விழுந்தது. ஏன்? பட்டியல் ஒரு சுவரையும் தாங்கிப் பிடிக்காது, குழந்தைகளே! யாராவது ஏணி வைத்து ஏறி, அடைத்துக்கொண்ட தண்ணீர்க்குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். உளுத்த கட்டையை மாற்ற வேண்டும். அதற்கான பணத்தை உரிய காலத்தில் ஒதுக்க வேண்டும்.

மேரி விழுந்தது ஊர் மக்களை உலுக்கிவிட்டது. அதுவரை சும்மா இருந்தவர்கள்கூடக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பாரம்பரியத்தைக் காப்பதற்கென்றே புதிய மக்கள் குழு ஒன்று உருவானது. 2015-இல் பல அமைப்புகள் சேர்ந்து பாரம்பரியத் திருவிழா நடத்தின. பழைய வீதிகளில் மக்களை அழைத்துச் சென்று வீடுகளின் கதையைச் சொன்னார்கள்.

பிறகு உலக வங்கியின் கடனுதவியோடு மேரி அதே இடத்தில், அதே தோற்றத்தில் மறுபடியும் கட்டப்பட்டது. 2021 பிப்ரவரியில் திறப்பு விழா நடந்தது. இன்று கடற்கரைக்குப் போனால் பார்க்கலாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய மேரியின் படம் போன்றது. தொலைந்த பாட்டியின் படத்தைச் சுவரில் மாட்டிவைக்கலாம், பாட்டி வருவாரா? உரிய நேரத்தில் பழுது பார்த்திருந்தால் பழைய மேரியே நின்றிருக்கும்.

காணாமல் போன மணல்

ஊரின் சொத்து வீடுகள் மட்டும்தானா? புதுச்சேரியின் கடற்கரையும் அதன் சொத்துதான். அங்கே அகலமான மணல்வெளி இருந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு அது மெல்ல மெல்ல மறைந்தது. மணல் இருந்த இடத்தில் கருங்கற்களைக் கொட்டிவைத்தார்கள்.

மணல் எங்கே போனது? நம் கடற்கரையோரம் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். மணல் ஆறு ஒன்று கடலோரமாக ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1980-களின் பிற்பகுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் ஆற்றுக்கு அணை போட்டது போல் ஆயிற்று! தெற்கே மணல் குவிந்தது. வடக்கே இருந்த புதுச்சேரிக்கு மணல் வரவில்லை. இருந்ததையும் அலை அள்ளிக்கொண்டு போனது.

2007-இல் தொடங்கிய 'பாண்டிகேன்' என்ற குடிமக்கள் அமைப்பு இந்தக் காரணத்தைப் படங்களோடும் கணக்குகளோடும் ஊருக்கு விளக்கியது. "கல்லைக் கொட்டுவது மருந்தல்ல, மணலைத் திருப்பிக் கொண்டுவர வழி தேடுங்கள்" என்று விடாமல் கேட்டது. 2018, 2019-ஆம் ஆண்டுகளில் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, கடலுக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தார்கள். அலையின் வேகம் குறைந்தது. கடற்கரைச் சாலையின் ஒரு பகுதியில் மணல் திரும்பவும் சேர்ந்தது. பல ஆண்டுகளாக மணலையே பார்க்காத பிள்ளைகள் அதில் ஓடி விளையாடினார்கள்!

ஆனால் வடக்கே உள்ள மீனவக் கிராமங்களில் அரிப்புத் தொல்லை தீரவில்லை. வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்தப் பையனுக்கு என் பதில்

இப்போது, கடைசி பெஞ்சுப் பையனின் கேள்விக்கு வருவோம். இன்று அவன் கேட்டால் இப்படிச் சொல்வேன்.

"ஒழுகாத வீடு வேண்டும் என்று உன் அப்பா நினைப்பது தப்பே இல்லை, தம்பி. ஆனால் இடிப்பதற்கு முன்னால், ஏன் ஒழுகுகிறது என்று பார்க்கச் சொல். ஓடு நகர்ந்திருக்கலாம். மொட்டை மாடியில் தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கலாம். சுவரில் அரசங்கன்று முளைத்து வேர் விட்டிருக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் காட்டுங்கள். சின்னப் பழுதுக்குப் பெரிய வீட்டை இழக்க வேண்டாம்.

"உங்களால் தனியாகச் செலவு செய்ய முடியவில்லை என்றால், அது உங்கள் குற்றம் அல்ல. தெருவுக்கு அழகு சேர்க்கும் வீட்டைக் காக்க ஊரும் அரசும் கை கொடுக்க வேண்டும். வைசியாள் வீதியில் அதைத்தான் செய்தார்கள்.

"எவ்வளவு முயன்றும் இடிக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் நீ ஒரு வேலை செய். வீட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடு. அறைகளை அளந்து வரைபடம் போடு. யார் கட்டினார், யார் யார் பிறந்தார்கள் என்று தாத்தாவிடம் கேட்டு எழுதிவை. நல்ல கதவையும் தூணையும் விற்றுவிடாமல் புது வீட்டில் வைக்கச் சொல்."

சரியான பதில்தானே, குழந்தைகளே?

நீங்களும் செய்யலாம்!

அதிகாரமோ பணமோ இல்லாத சிலர், ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நடந்துதான் புதுச்சேரியில் வேலையைத் தொடங்கினார்கள். நோட்டும் பென்சிலும் உங்களிடமும் உண்டே! வரும் விடுமுறையில் நண்பர்களோடு சேர்ந்து இவற்றைச் செய்து பாருங்கள்.

1. உங்கள் தெருவில் 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வீடு, கிணறு, சத்திரம், சுமைதாங்கிக் கல், பள்ளிக்கூடம் எவை என்று பெரியவர்களிடம் கேட்டுப் பட்டியல் எழுதுங்கள்.

2. ஒவ்வொன்றையும் வரையுங்கள், அல்லது அப்பா அம்மாவின் கைப்பேசியில் படம் எடுங்கள். தேதியைக் குறிக்க மறக்காதீர்கள். மற்றவர் வீட்டுக்குள் போக வேண்டுமானால் அனுமதி கேட்டே போங்கள். பாழடைந்த கட்டடங்களுக்குள் தனியாக நுழையவே கூடாது.

3. எங்கே செடி முளைத்திருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று தெருவில் நின்றே பாருங்கள். வீட்டுக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். கன்றாக இருக்கும்போது விரலால் பிடுங்கலாம். மரமானால் சுவரையே பிளந்துவிடும்.

4. பட்டியலை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். பொதுச்சொத்து எதுவும் பழுதாகி இருந்தால், பெரியவர்களின் துணையோடு ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கடிதம் எழுதுங்கள். பதில் வரவில்லையா? இன்னொரு கடிதம் எழுதுங்கள்!

அடுத்த ஆண்டு இதே நாளில் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடியும் தெருவில் நடந்து பாருங்கள். எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுகூடக் குறையாமல் இருந்தால், அதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு!